டோக்கியோவில் ஆரவாரமில்லாத ஓர் இடத்தில், நிதானமாகச் சாப்பிடுவதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்க விரும்புகிறேன். எங்கே போகலாம்?

ககுராசகாவுக்குப் போங்கள். பெரிய கடைத்தெருப் பகுதியான கின்சாவில் நல்ல உணவகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் சாப்பிட்டு வெளியே வந்ததும் அகன்ற சாலையும் கடை விளக்குகளும்தான் எதிரே நிற்கும். ககுராசகாவில் நடந்து போகும் வழியே பாதி விருந்து.

ஈடபாஷி ரயில் நிலையத்தின் மேற்கு வாயிலிலிருந்து சில நிமிட நடையில் ககுராசகாவின் மேட்டுத் தெரு தொடங்கிவிடும். அது ஒருவழிப் பாதை. காலையில் வண்டிகள் கீழ்நோக்கி வரும்; மதியத்துக்குப் பிறகு மேல்நோக்கிப் போகும். சற்றுத் தூரம் ஏறினால் இடப்பக்கம் சிவப்பு நிறத்தில் ஸென்கொகுஜி கோயில். 1793 முதல் இங்கே இருக்கிறது. உள்ளே இருக்கும் பிஷாமோன்தென் நம் குபேரன்தான். வைசிரவணன் என்ற பெயரில் பௌத்தத்தோடு கிழக்கே போனவர். வாசலில் இரண்டு கல் புலிகள் காவல்.

கோயிலுக்கு எதிர்ப்புறம் உள்ள சந்துகளில்தான் மாலை தொடங்குகிறது. ஒன்று ஹியோகோ யோகோச்சோ. இன்னொன்றின் பெயருக்குக் கண்ணாமூச்சிச் சந்து என்றே பொருள். விருந்துகளில் ஆடிப் பாடி மகிழ்விக்கும் கெய்ஷாக்களின் பேட்டையாக இருந்த பகுதி இது; இன்றும் சிலர் அந்தக் கலையை விடாமல் இருக்கிறார்கள். கல் பாவிய தரை, கறுப்பு மரவேலி. ஆறு மணிக்கு முன்பே போனால் விருந்தினருக்காக வாசல் தெளிப்பதைப் பார்க்கலாம். உச்சிமிசு என்பார்கள். ஈரக் கல்லில் காகித விளக்கின் ஒளி விழுவதைப் பார்க்கவே நான் சீக்கிரம் போய்விடுவேன்.

கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம். ஒரே ஒரு கப்போ உணவகத்தில் முன்பதிவு செய்யுங்கள். கப்போ என்றால் சமையற்காரர் உங்கள் கண்ணெதிரே வெட்டிச் சமைத்துப் பரிமாறுவது. தனி அறை கொடுத்தாலும் மறுத்துவிட்டு, அவருக்கு நேர் எதிரே மரப்பலகை ஓரமாக இருக்கை கேளுங்கள்.

முதல் முறை போனபோது அரக்குக் கிண்ணத்தில் சூப் வந்தது. மூடியை இழுத்தேன், வரவில்லை. உள்ளே ஆவி ஆறியதில் இறுகிப் பிடித்திருந்தது. சமையற்காரர் ஒன்றும் பேசாமல் இன்னொரு கிண்ணத்தை எடுத்து, அதன் பக்கங்களை விரல்களால் லேசாக அழுத்திக் காட்டினார். அப்படியே செய்தேன். மூடி மெல்ல விட்டுக்கொடுத்தது. யூசு எலுமிச்சைத் தோலின் மணம் முகத்தில் வந்து மோதியது. தெளிந்த நீரில் ஒரு துண்டு மீன், நகமளவு தோல். அவ்வளவுதான். அந்த ஒரு கிண்ணத்துக்காகவே மறுபடியும் போனேன். சோறும் மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் செய்த சூப்பும் ஊறுகாயும் ஒன்றாக வந்தால் விருந்து முடியப்போகிறது என்று பொருள். அதன் பிறகு ஒரு சிறு இனிப்பு மட்டும்தான்.

சைவ உணவு சாப்பிடுபவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். தாஷி என்னும் அடிப்படைச் சாறு பெரும்பாலும் கடற்பாசியும் உலர்ந்த சூரை மீனும் சேர்ந்தது. காய்கறிப் பண்டங்களிலும் அது இருக்கும். உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். பக்கத்து இருக்கைக்காரரின் சாப்பாட்டு மணத்தை அது கெடுக்கும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கமில்லை.

கிளம்பும்போது பல கடைகளில் சமையற்காரரே வாசல்வரை வந்து வழியனுப்புவார். சந்து முனையில் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். அங்கேயே நின்றிருப்பார், நீங்களும் தலை தாழ்த்திவிட்டு நடங்கள்.