தோல் தளர்வது வயதால் மட்டுமா? கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் வயது 43. கன்னமும் தாடையோரமும் தளர்ந்துவருகின்றன. வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட வேண்டியதுதானா, டாக்டர்? (ஆசிரியை, லாஸ்பேட்டை)

பதில்: விட்டுவிட வேண்டாம். முதலில் உங்கள் மேற்கையின் உட்புறத் தோலையும் முன்கையின் வெளிப்புறத் தோலையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதான். ஆனால் வெயில் படாத உட்புறம் வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்கும், வெளிப்புறமோ கறுத்து, மெல்லிய கோடுகள் ஓடி, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி வெயில் செய்த வேலை.

தோலின் உள்ளடுக்கில் உள்ள கொலாஜன் இழைகள் உறுதியையும், எலாஸ்டின் இழைகள் இழுத்து விட்டால் மீளும் தன்மையையும் தருகின்றன. இருபதுகளுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற அளவில் கொலாஜன் குறைந்துகொண்டே வரும், அது இயற்கை. ஆனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் படும்போதெல்லாம், கொலாஜனை அறுக்கும் நொதிகள் தோலிலேயே கூடுதலாகச் சுரக்கின்றன. கயிறு அறுந்து தொய்ந்த கட்டிலைப்போல அந்த அடுக்கு காலத்துக்கு முன்பே தளர்ந்துவிடுகிறது. புகைப்பழக்கமும் இதே கேட்டைச் செய்கிறது. தாடையோரத் தளர்ச்சியில் முக எலும்பும் கொழுப்பும் குறைவதற்கும் பங்கு உண்டு என்பதால், எந்தக் களிம்பும் அதை முழுமையாகத் தூக்கி நிறுத்தாது. அப்படிச் சொல்லும் விளம்பரத்தை நம்பிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல ஆண்டுகளாக வேன் ஓட்டுகிறேன். வலது கையும் வலது கன்னமும் மட்டும் கறுத்துச் சுருங்கியுள்ளன. கண்ணாடியை ஏற்றித்தானே ஓட்டுகிறேன்? (ஓட்டுநர், கடலூர் முதுநகர்)

பதில்: தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் பி வகைப் புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆனால் உள்ளடுக்குவரை இறங்கிக் கொலாஜனைச் சிதைக்கும் ஏ வகைக் கதிர்களில் பெரும்பகுதி பக்கவாட்டுக் கண்ணாடியைக் கடந்து வந்துவிடும். உள்ளே சூடு தெரியாததால் நாமும் எச்சரிக்கையாக இருப்பதில்லை. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் 2012இல் வெளியிட்டது. சன்னல் பக்கம் இருந்த அவருடைய இடப்பக்க முகம் மட்டும் ஆழமான சுருக்கங்களோடு மிக முதுமையாகத் தெரிந்தது. நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால் உங்களுக்கு வலப்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கிறது. முழுக்கைச் சட்டையோ கையுறையோ அணியுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சன்ஸ்க்ரீன் (வெயில் காப்புக் களிம்பு) பூசுங்கள். வலது கையில் ஆறாத புண்ணோ தடிப்போ இருந்தால் நேரில் வந்து காட்டுங்கள்.

கேள்வி: எனக்குக் கறுப்பு நிறம். எங்களுக்கெல்லாம் சன்ஸ்க்ரீன் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். (கல்லூரி மாணவி, அரியாங்குப்பம்)

பதில்: உங்கள் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி ஓரளவு காவல் தருகிறது என்பது உண்மைதான், வெள்ளையர்களைவிட நமக்குச் சுருக்கங்கள் தாமதமாகவே வருகின்றன. ஆனால் நமக்கு முதுமை முதலில் சுருக்கமாக வருவதில்லை. மங்கு, திட்டுத்திட்டான கருமை, கண்ணைச் சுற்றிய கறுப்பு ஆகியவையாகவே வருகிறது. இந்தக் கருமையைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தூண்டுவதால், மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமூட்டிய சன்ஸ்க்ரீன் கூடுதல் பயன் தரும்.

பி வகைக் கதிர்களுக்கு எதிரான காவலைக் காட்டும் எஸ்பிஎஃப் எண் 30க்குக் குறையாமல், ஏ வகைக் கதிர்களுக்கான பிஏ குறியும் உள்ளதாக வாங்குங்கள். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பெரும்பாலானோர் அதில் பாதிகூடப் பூசாமல், பயனில்லை என்கிறார்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வையோடு அது வழிந்தோடிவிடும். ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நான்கரை ஆண்டுகள் நடந்து, 2013இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் சன்ஸ்க்ரீன் பூசியவர்களின் தோல் முதுமை, விருப்பம்போல் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. இவ்வளவு தெளிவான சான்று வேறெந்த அழகுப் பொருளுக்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: தேங்காய் எண்ணெய் போதாதா? (வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: வறட்சிக்கு நல்லது, குளித்த ஈரத்தோடு கைகால்களில் தடவலாம். வெயிலுக்குக் காவல் ஆகாது. முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தடவ வேண்டாம்.

கேள்வி: தோழி சொன்னாள் என்று மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது நிறுத்தினால் எரிகிறது. கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரிகின்றன. (வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: அம்மா, நான் மிகவும் வருந்தும் கேள்வி இது. அந்த டியூபில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் ஆகிய பெயர்கள் அட்டையில் உள்ளனவா என்று பாருங்கள். முதலில் நிறத்தைக் கூட்டிக் காட்டும் இந்த மருந்து, கொலாஜன் உருவாவதையே தடுத்துத் தோலை மெலிய வைக்கிறது. மெலிந்த தோலின் வழியாகவே இரத்தக் குழாய்கள் சிவந்து தெரிகின்றன. இளமைக்காகப் பூசியது முதுமையைக் கொண்டுவந்துவிடுகிறது. 2018இல் இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று மத்திய அரசு விதித்த பின்னும் அவை கேட்டவுடன் கிடைக்கின்றன. பழைய டியூபை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பதா, உடனே நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்யட்டும். எரிச்சல் தாங்காமல் மீண்டும் அதையே பூசினால் இந்தச் சுழலிலிருந்து வெளிவருவது கடினமாகிவிடும்.

கேள்வி: ஏற்கெனவே விழுந்த கோடுகளைக் குறைக்க வழி உண்டா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: உண்டு. வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினோயின், வெயிலால் சிதைந்த தோலில் புதிய கொலாஜனைத் தூண்டுகிறது என்பது 1980களிலிருந்தே அறியப்பட்டது. மருத்துவர் ஆலோசனையோடு, குறைந்த வீரியத்தில், பட்டாணி அளவு எடுத்து, வாரம் இரண்டு இரவுகளில் தொடங்குங்கள். முதல் வாரங்களில் தோல் உரியும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், இடைவெளியைக் கூட்டுங்கள். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கருவுற்றவர்களும் கருத்தரிக்க எண்ணுபவர்களும் தொடவே கூடாது.

கேள்வி: கொலாஜன் பொடி குடிக்கலாமா? (வாசகி, நெய்வேலி)

பதில்: குடலில் அது அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துவிடும். சிறு பயன் காட்டிய ஆய்வுகள் உள்ளன. அவற்றில் பல, விற்பவர்களின் பணத்தில் நடந்தவை. அந்தப் பணத்துக்கு மீன், முட்டை, பருப்பு, நெல்லிக்காய் வாங்குங்கள். வைட்டமின் சி இல்லாமல் உடல் கொலாஜனை ஒழுங்காகக் கட்ட முடியாது.

கேள்வி: அம்மா தேவனாம்பட்டினத்தில் மீன் விற்றவர். வயது 72. முன்கைகளில் அடிபடாமலே ஊதாத் திட்டுகள் வருகின்றன. இரத்தத்தில் ஏதேனும் கோளாறா? (மகன், கடலூர்)

பதில்: கடற்கரையில் மேலிருந்து மட்டும் வெயில் படுவதில்லை, காய்ந்த மணல் ஏறத்தாழ 15 சதவீதப் புற ஊதாக் கதிர்களையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. அப்படிப் பல ஆண்டுகள் வெயில் பட்ட தோலில் இரத்தக் குழாய்களைத் தாங்கும் கொலாஜன் தேய்ந்துவிடுவதால், லேசாக உரசினாலே இரத்தம் கசிந்து திட்டாகும். பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். முழுக்கை ரவிக்கை அணியச் செய்து, நாளும் இருமுறை வாசலின் தடவுங்கள். ஈறு, மூக்கு, சிறுநீர் ஆகியவற்றிலும் இரத்தம் கண்டால், அல்லது உடலின் பிற பகுதிகளிலும் திட்டுகள் வந்தால், தாமதிக்காமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.