பாப்பா பேச்சாளர் ஆகட்டும், ஆனால் எதைப் பற்றிப் பேசுவாள்?

அண்ணா, போன வாரம் கொடுமுடியிலிருந்து பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தீர்களே, அன்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான், "பேசிப் பொழைக்க முடியுங்களா?" பாப்பா பக்கத்தில் இருந்ததால் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன். அவளிடமும் படிக்கக் கொடுங்கள், ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

பிழைக்கலாம். ஆனால் முதல் சில வருடம் அதை மட்டும் நம்ப முடியாது. கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டால் ஒரு சால்வை, ஒரு கேடயம், பஸ் செலவு, சில இடங்களில் அந்தப் பஸ் செலவும் நம்முடையதுதான். அதனால் பி.காம். முடித்ததும் மாதச் சம்பளம் வருகிற ஒரு வேலையில் சேரட்டும். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பேச்சுக்குப் போதும்.

சரி, பேச்சு எப்படி? குரல் அருமை, கூச்சம் துளியும் இல்லை. ஆனால் பத்து நிமிடம் பேசிக் காட்டினாளே, தன்னம்பிக்கை, தமிழ், பெண்கள், விவசாயி கண்ணீர் என்று நாலையும் தொட்டாள், ஒன்றிலும் இறங்கவில்லை. போட்டியில் கோப்பை வாங்க அது போதும். காசு கொடுத்துக் கூப்பிடுகிறவர் முதல் தடவை குரலுக்காகக் கூப்பிடலாம், மறு தடவை கூப்பிட விஷயம் வேண்டும்.

அன்று அவள் சொன்ன ஒரு வரி ஞாபகம் இருக்கிறதா? "நம்ம மஞ்சளுக்கே அமெரிக்காக்காரன் காப்புரிமை வாங்கிட்டான், போராடி மீட்டோம்." நீங்கள்கூடத் தலையாட்டினீர்கள். எந்த வருடம், யார் வாங்கினார்கள், எதற்கு என்று கேட்டேன், பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 1995ல் அங்கே காப்புரிமை பெற்றது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். அதுவும் மஞ்சளுக்கு இல்லை, காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு. கண்டுபிடித்ததாகப் பெயர் போட்ட இருவரும் இந்திய வம்சாவளியினர். நம் நாட்டு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். அதை எதிர்த்தது, பழைய நூல், அச்சான கட்டுரை என்று ஆதாரங்களைக் கொண்டுபோய் வைத்து 'இது புதுசே இல்லை' என்று காட்டியது, 1997ல் ரத்தானது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதையைவிட இது சுவாரசியமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். இதைச் சரியாகச் சொல்லும் பெண்ணிடம் வக்கீலும் வந்து பேசுவார், மண்டிக்காரரும் வந்து பேசுவார்.

தலைப்பைத் தேடி அவள் எங்கும் போக வேண்டாம், உங்கள் களத்தில் காய்கிற மஞ்சள்தான் அது. விரல் மாதிரி நீண்ட விரலி மஞ்சளுக்கும் உருண்டையான கிழங்கு மஞ்சளுக்கும் விலை ஏன் வேறு? ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல், இந்த ஊர்ச் சரக்கு என்று சட்டப்படி அடையாளம் காட்டும் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதனால் உங்கள் மூட்டைக்கு என்ன கூடியது? 2025 ஜனவரியில் தொடங்கிய தேசிய மஞ்சள் வாரியத்துக்குத் தலைமையகம் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில், ஈரோட்டில் ஏன் இல்லை? பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பி.எஸ்.ஆர். மஞ்சள் ரகங்களை நம் ஆட்கள் எவ்வளவு பேர் போடுகிறார்கள்? பின்னால் ஒரு தேதியில் கொடுக்கிற சரக்குக்கு இன்றே விலை பேசுகிற முன்பேர வர்த்தகம் வேறு மஞ்சளுக்கு நடக்கிறது, அதை விவசாயிக்குப் புரிகிற தமிழில் சொல்ல ஆள் குறைவு, பி.காம். படித்தவளுக்கு அதுதான் வாசல்.

இதற்கு ஒரு நோட்டு போதும். வாரம் ஒரு நாள் காலையில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய் ஏலத்தைப் பார்க்கட்டும், கேட்டதை எழுதட்டும், யார் சொன்னது, எந்தத் தேதி என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும். பேசிப் பழக கோவையில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள் இருக்கின்றன, ஐந்து ஏழு நிமிடத்தில் முடிக்கவும், 'அ... வந்து...' என்று இழுக்காமல் இருக்கவும் அங்கே கற்றுக்கொள்ளலாம், விஷயத்தை அவள்தான் கொண்டுபோக வேண்டும். அப்புறம் பள்ளிக்கூடத்தில் இருபது நிமிடம், உழவர் கூட்டத்தில் ஒரு மணி நேரம், அதில் பாதியைக் கேள்விக்கு விட்டுவிட வேண்டும். பதில் தெரியாத கேள்விக்கு நோட்டில் தனிப் பக்கம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிப் போங்கள், எங்கே கைதட்டினார்கள் என்று பார்க்க வேண்டாம், மறுநாள் காலையில் அந்தப் பேச்சில் என்ன மனதில் நிற்கிறது என்று கேளுங்கள்.

நான் பட்டதையும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் திருப்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் பனியன் ஏற்றுமதியில் என்னென்ன வேலை இருக்கிறது என்று முக்கால் மணி நேரம் அளந்தேன். பின்வரிசைப் பையன் எழுந்து, "சார், மெர்ச்சண்டைசர்னு சொன்னீங்களே, அவர் காலையில போனதும் முதல்ல என்னங்க செய்வாரு?" என்றான். எனக்குத் தெரியவில்லை. ஏதோ சமாளித்தேன், அவனுக்கும் அது தெரிந்துவிட்டது. அப்புறம் தெரிந்தவர் கம்பெனியில் ஒரு வாரம் மெர்ச்சண்டைசர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சரக்கு வாங்குகிற பையருக்கு மெயில், சாம்பிள், நூல் வரவில்லை என்ற சண்டை, இதெல்லாம் அங்கேதான் பார்த்தேன். இன்றைக்கும் என்னைப் பனியன் கம்பெனி வேலைகளைப் பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள் என்றால் அந்த ஒரு வாரத்தால்தான்.

தை மாதம் மஞ்சள் வெட்டு ஆரம்பிக்கும்போது, படிக்கிற பிள்ளைக்கு வெயிலில் என்ன வேலை என்று அண்ணி சொல்வார்கள். நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள், வேகவைக்கிற இடத்தில் நோட்டோடு நிற்கட்டும். பங்குனி கடைசியில் அந்த நோட்டோடு கூட்டிக்கொண்டு வாருங்கள், அன்று நான் கேள்வி கேட்கிறேன்.