அந்தம்மா உங்க பைய வாங்கிக்கிட்டாங்களா?

கேள்வி: தேவகோட்டையில இருந்து காரைக்குடிக்கு டெய்லி பஸ்ல வேலைக்கு போய்ட்டு வர்றேன். வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க யார் ஏறுனாலும் எந்திரிச்சு சீட் குடுத்துருவேன். ஆனா உக்காந்தவங்க ஒரு தேங்க்ஸ் கூட சொல்றதில்ல, திரும்பிக்கூட பாக்கிறதில்ல. விருந்து உபசாரத்துக்கு பேர் போன செட்டிநாடு இப்ப இப்டி ஆயிப்போச்சு. அவங்கவங்க சோலிய பாத்துக்கிட்டு ஓடுறப்ப நான் மட்டும் எதுக்கு நல்லவனா இருக்கணும்?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: நேராவே சொல்லிர்றேன், கோச்சுக்காதீங்க. நீங்க சீட்ட குடுத்துட்டு பக்கத்துலயே நின்னு அவங்க வாயவே பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க.

நம்ம ஊரு வயசானவங்க வாயில தேங்க்ஸ் வராது. என் அப்பத்தா யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதே இல்ல. ஒரு செம்பு தண்ணி மொண்டு குடுத்தா "நல்லாருப்பா" அப்டிம்பாக, மருந்து வாங்கியாந்து குடுத்தா "சாப்ட்டியாடா, மொகம் வாடிக்கெடக்கு" அப்டிம்பாக, அம்புட்டுதான். நன்றிங்கிறது மேடையில பேசுறவங்களும் லெட்டர் எழுதுறவங்களும் வச்சிருக்கிற வார்த்தை, பஸ்ல ஏறி மூச்சு வாங்க உக்கார்ற ஒரு அம்மாகிட்ட அத தேடாதீங்க. நீங்க கவனிக்க வேண்டியது அவங்க கைய. உக்காந்து முந்தானைய சரி பண்ணி கூடைய காலுக்கு நடுவுல வச்சதும், நின்னுக்கிட்டு இருக்கிறவர் தோள்ல தொங்குற பைய புடிச்சு ஒரு இழு இழுப்பாங்க, "குடுங்க, நான் வச்சுக்கிறேன்". யாருன்னே தெரியாத ஒருத்தரோட சாப்பாட்டு பைய தேவகோட்டை ரஸ்தா தாண்டி காரைக்குடி வர்ற வரைக்கும் மடியில வச்சு, குழம்பு கொட்டிராம நிமுத்தி புடிச்சுக்கிட்டே வருவாங்க பாருங்க, அதுதான் நம்ம பாஷையில தேங்க்ஸ்.

பழைய ரோட்டோரத்துல சுமைதாங்கி கல்லு பாத்திருப்பீங்க. ரெண்டு கல்ல நட்டு மேல ஒரு கல்லு, தலைச்சுமையோட நடந்து வர்றவங்க யார் தயவும் இல்லாம எறக்கி வச்சுட்டு திரும்ப தூக்கிக்கிற ஒசரத்துல இருக்கும். வயித்துப்புள்ளையோட செத்துப்போன பொண்ணு நெனவா அவ வீட்டுக்காரங்க வச்ச கல்லு நெறைய உண்டு. பொண்ண பறிகுடுத்த துக்கத்துல இருக்கிற ஒரு குடும்பம், நாளைக்கு இந்தப்பக்கமா வரப்போற முகம் தெரியாதவனோட கழுத்து வலிய நெனச்சிருக்கு. அதுல சுமைய எறக்கி வச்ச எவரும் அவங்க வீட்டு வாசலுக்கு போயி நன்றி சொல்லிருக்க மாட்டாங்க, வீடு எதுன்னே தெரிஞ்சிருக்காது.

அடுத்தது, செட்டிநாடு இப்ப இப்டி ஆயிப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. இதுல பாதிக்குதான் நான் ஒத்துக்குவேன். இங்க மரியாதை பெரிய விஷயமா இருந்தது வாஸ்தவம். கல்யாண வீட்டு முகப்புல வீட்டு பெரியவங்க நின்னு வர்ற ஒவ்வொருத்தரையும் முகம் பாத்து "வாங்க"ன்னு கேக்கணும், அந்த ஒத்த வார்த்தை விட்டுப்போனா "எங்கள வாங்கன்னு கூட கேக்கல"ன்னு வருஷக்கணக்கா போக்குவரத்து இல்லாம போன சொந்தங்கள எனக்கே தெரியும். காசிக்கு போறவங்க தங்குறதுக்கு இங்கருந்து போயி சத்திரம் கட்டுன ஊருங்க இது, 150 வருஷத்துக்கு மேலயும் அது நடந்துக்கிட்டு இருக்கு. எல்லாம் சரிதான். ஆனா அந்த வாங்க எல்லாருக்கும் கெடைச்சுச்சா? திண்ணையில உக்கார விட்டது யார, வெயில்ல தள்ளி நிக்க வச்சது யார, தலை நரைச்ச மனுஷன சின்னப்பய "வாடா போடா"ன்னு கூப்புட்டது யாரன்னு நம்ம பெரியவங்ககிட்ட கேட்டா மனசு இருந்தா சொல்லுவாங்க. உங்களுக்கு பக்கத்துல கண்டதேவியில தேர் வடத்த யார் தொடலாங்கிறது கோர்ட் வரைக்கும் போன கதை உங்களுக்கு நல்லாவே தெரியும். அதனால பழசு மொத்தத்தையும் தங்கம்னு சொல்ல எனக்கு மனசு வரல. நீங்க எந்திரிச்சு எடம் குடுத்தப்ப வந்தவங்க எந்த ஊரு, எந்த தெரு, என்ன ஆளுங்கன்னு கேட்டீங்களா? கேக்கல, முடியாம நிக்கிறாங்கன்னு பாத்தீங்க, எந்திரிச்சீங்க. அந்த விதத்துல எங்க வீட்டு திண்ணைய விட உங்க பஸ் சீட்டு ஒசத்தின்னு நான் மனசார சொல்லுவேன்.

ஜனங்க ஓடுறாங்கன்னு நீங்க சொல்றது உண்மை. டார்லி, பேட்சன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல செஞ்சு 1973ல வெளியிட்ட ஒரு சோதனை பத்தி படிச்சேன். பாதிரியாருக்கு படிக்கிற 40 பேர ஒவ்வொருத்தரா பக்கத்து கட்டடத்துக்கு போயி பேசச் சொல்லி அனுப்புறாங்க, பாதி பேருக்கு பேச குடுத்த விஷயமே வழியில அடிபட்டு கெடந்தவனுக்கு உதவுன நல்ல சமாரியன்னு பைபிள்ல வர்ற கதை. போற வழியில வாசப்படி ஓரமா ஒருத்தர் சுருண்டு உக்காந்து இருமிக்கிட்டு முனகுறாரு, அவரும் ஏற்பாடு பண்ண ஆளுதான். "நேரம் இருக்கு, மெதுவா போங்க"ன்னு சொல்லி அனுப்புனவங்கள்ல நூத்துக்கு 63 பேர் கணக்குல நின்னு என்ன ஏதுன்னு கேட்டாங்க, "லேட் ஆயிருச்சு, ஓடுங்க"ன்னு அனுப்புனவங்கள்ல 10 பேர் கணக்குலதான். பேசப்போற விஷயம் அந்தக் கதையா வேறயாங்கிறதால பெரிய வித்தியாசம் எதுவும் வரல. இத படிச்சதுல இருந்து யாரையும் மனசாட்சி இல்லாதவன்னு சட்டுனு சொல்றத நான் விட்டுட்டேன், பல பேருக்கு அவசரந்தான் கண்ண மறைச்சிருக்கு.

ஆனா அந்த அவசரத்துல எவ்வளவு நெசம்? ரயில்வே கேட் மூடியிருக்கறப்ப பாருங்க, இந்தப்பக்கம் மூணு வரிசை அந்தப்பக்கம் மூணு வரிசைன்னு ரோட்ட முழுசா அடைச்சுக்கிட்டு பைக்கு நிக்கும், கேட்ட தெறந்ததும் ரெண்டு பக்கமும் முட்டிக்கிட்டு ஒருத்தரும் நகர முடியாது, ரயில் போன நேரத்த விட அதுக்கு அப்புறம் நிக்கிற நேரம் ஜாஸ்தி. ஹாரன் அடிச்சு கிழவர ஒதுக்கிட்டு போனவரு அடுத்த டீக்கடையில கிளாஸ கையில வச்சுக்கிட்டு அர மணி நேரமா போன நோண்டிக்கிட்டு இருக்காரு. அப்ப அந்த கிழவர நடுங்க வச்சது எதுக்காக?

இன்னொன்னும் சொல்லணும், இது என்னைய ரொம்ப நாளா உறுத்துது. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்ல. அன்னைலருந்து "ஓசி"ங்கிற வார்த்தை பஸ்ல ரொம்ப சுலபமா வருது. சீட்டு இருந்தும் உக்காராம கம்பிய புடிச்சுக்கிட்டு நின்ன ஒரு அம்மாகிட்ட ஏன்மா நிக்கிறீகன்னு கேட்டேன், "காசு குடுத்தவுக உக்காரட்டும்ய்யா"ன்னாக. வீட்டு வேலைக்கு நாலு வீடு ஏறி எறங்குறவுக. எவனோ ஒருத்தன் என்னைக்கோ சொன்ன சொல்லு அவுகள இன்னும் நிக்க வச்சிருக்கு. ஒரு சொல்லுக்கு இம்புட்டு பலம் இருக்குன்னா நீங்க "உக்காருங்கம்மா"ன்னு எந்திரிச்சதுக்கும் அதே பலம் இருக்கணும்ல.

போன மாசம் காரைக்குடியில இருந்து வந்த டவுன் பஸ். கண்டக்டர் தம்பி காலையிலருந்து கத்தி கத்தி தொண்டை கட்டிப்போயி, படியில நிக்கிறவங்கள எல்லாம் ஏசிக்கிட்டே வந்தாரு. கானாடுகாத்தான் விலக்குல ஒரு ஆச்சி எறங்கணும், முட்டி வலி போல, ஒவ்வொரு படியா கால மாத்தி மாத்தி வைக்கிறாக. பின்னால ஒரு லாரி ஹாரன் அடிக்குது, உள்ள ரெண்டு பேரு முணுமுணுக்கிறாக. கீழ் படியில நின்னு திரும்பி கண்டக்டர பாத்து "வர்றேம்ப்பா" அப்டின்னாக, ஏதோ சொந்தக்காரங்க வீட்டுல இருந்து பொறப்படுற மாதிரி. அந்த தம்பி விசில வாயிலருந்து எடுத்துட்டு "பாத்து எறங்குங்க ஆச்சி, அவசரமே இல்ல" அப்டின்னாரு. ரெண்டு காலும் தரையில ஊன்றின பொறவுதான் விசில் அடிச்சாரு.

அடுத்த தடவ சீட்டு குடுக்கறப்ப அவங்க வாய பாக்காதீங்க, உங்க பைய வாங்கிக்கிட்டாங்களான்னு பாத்து எனக்கு எழுதுங்க.