கேட்டா சொல்லுவம்: சப்பாத்துப் போட்ட குண்டு விமானம்

கேள்வி: சேர், பழைய புத்தகக் கடையில எடுத்த விமானப் படப் புத்தகத்துல அமியோ 143 எண்டு பிரான்ஸ் குண்டு விமானம் ஒண்டு கிடக்கு. பாத்தா வீட்டுக்குச் செட்டை முளைச்ச மாதிரி, வயித்துக்குக் கீழ கண்ணாடி ஜன்னல், சக்கரத்துக்குப் பெரிய சப்பாத்து மாதிரி மூடி. இத யாரு சேர் விரும்பிச் செஞ்சது?
– களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: தம்பி, முதல்ல பாக்கக்குள்ள நானும் சிரிச்சனான். ஆனா செஞ்சவனுகள் மடையனுகள் இல்ல. அந்தக் காலத்துல பிரான்ஸ்ல ஒரு யோசினை ஓடிக்கிட்டு இருந்தது, ஒரே விமானம் குண்டும் போடோணும், வானத்துல சண்டையும் பிடிக்கோணும், வேவும் பாக்கோணும் எண்டு, அதுக்கு "பீ சீ ஆர்" எண்டு பேரும் வெச்சானுகள். தரைப்படைக்கு வேவு பாக்க ஆள் வேணும், புதுசாத் தனிய பிரிஞ்ச விமானப்படைக்குக் குண்டு போட ஆசை, காசு ஒரே பையில, அப்ப மூண்டையும் ஒண்டாக் கட்டினா எல்லாருக்கும் சந்தோசம்தானே!

நம்மட லேண்ட்மாஸ்டர எடுங்களன். உழலாம், பெட்டியப் பூட்டி நெல்லேத்தலாம், குடும்பத்தோட மண்டூர்க் கோயிலுக்கும் போகலாம். ஆனா கல்முனை ரோட்டுல பஸ்ஸோட போட்டிக்கு ஓட ஏலாது. அமியோவும் அந்தச் சாதிதான்.

நீங்க சொன்ன ஜன்னல் சும்மா அழகுக்கு இல்ல. மேல ஒடுக்கமான உடம்பு, அதுக்குக் கீழ கண்ணாடிக் கூடு, குண்டுக்குக் குறி பாக்கிறவர் அதுக்குள்ள இருப்பார், துவக்குக்காரர் மூக்குலயும் முதுகுலயும். எனக்குப் பிடிச்ச விசயம் செட்டைதான். உடம்போட சேருற இடத்துல அவ்வளவு மொத்தம், பறந்துக்கிட்டு இருக்கக்குள்ளயே உள்ளால எஞ்சின் வரைக்கும் ஆள் போகலாம்! கப்பல்ல எஞ்சின் ரூமுக்குப் போற மாதிரி. அந்த மொத்தமே காத்தத் தடுத்து வேகத்தையும் திண்டுட்டு, அது வேற கதை.

பிழைச்ச இடம் வருசக் கணக்கு. 1928ல கேட்ட சாமான், முதல் மாதிரி பறந்தது 1931ல, படைக்கு வந்து சேந்தது 1935ல, உச்ச வேகம் மணிக்கு 310 கிலோமீட்டர் அளவுல. அதே 1935லதான் ஜேர்மன்காரன்ட சண்டை விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109 முதல் முதலாப் பறந்தது, 1940 ஆகக்குள்ள அது 550ஐயும் தாண்டிட்டு. இந்தக் கிழட்டு அமியோவ இரவுல அனுப்பினா ஒருமாதிரித் தப்பும், ஆனா 1940 மே 14, பிரான்ஸ்ல செடான் ஊருக்குக் கிட்ட மியூஸ் ஆத்துக்கு மேல ஜேர்மன்காரன் போட்ட பாலத்த உடைக்கோணும், வேற வழியில்ல எண்டு பட்டப்பகல்ல அனுப்பினானுகள். சிலது திரும்பி வரயில்ல. பாலமும் உடையல்ல. மறுகா திரும்ப இரவு வேலைக்கே விட்டாச்சு. போனவனுகள்ட துணிச்சலுக்கு ஒரு குறையும் சொல்ல ஏலாது, அனுப்பினவனுகளத்தான் கேக்கோணும்.

கேள்வி: சக்கரத்த உள்ளுக்கு மடக்க ஏலாத விமானம் எண்டாலே உதவாத சாமான்தானே?
– கல்லாறு வாசகர்

பதில்: அதச் சொல்ல முதல் கிறுகி உங்கட கடலப் பாருங்க. 1942 ஏப்ரல் 9, மட்டக்களப்புக்கு நேர கடல்ல பிரித்தானியாட விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ ஜப்பான்காரன் தாழ்த்தினான், 307 பேர் செத்தாங்க, கப்பல் இன்னும் ஐம்பது மீட்டர் சொச்சம் ஆழத்துல கிடக்கு, சுழியோடிகள் போய்ப் பாக்கிற. அதத் தாழ்த்தின ஜப்பான்காரன்ட ஐச்சி குத்துக்குண்டு விமானத்துக்கும் சக்கரம் மடங்காது, அமியோ மாதிரியே சப்பாத்துப் போட்ட கால்தான். ஆனா அது ஒரே வேலைக்கு எண்டு செஞ்சது, செங்குத்தாக் குத்தி இறங்கிக் குண்டு போடுறது. அதோட அண்டைக்கு ஹெர்மிஸ்ல சொந்த விமானம் ஒண்டும் இல்ல, மறிக்க ஆளில்ல. கால் மடங்கிறதா மடங்காததா எண்டு பாத்து விமானத்துக்கு மார்க்ஸ் போடாதீங்க.

கேள்வி: அந்த நேரம் பிரான்ஸ்ல இப்பிடிப் பழைய மாடல் விமானம் செஞ்ச கொம்பனி ஏதும் இப்ப இருக்கா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: இருக்கு. அமியோட கூட்டாளி மாதிரி ப்ளொக் எம்பீ 200 எண்டு இன்னொண்டு, 1933ல முதல்ல பறந்தது, அதுக்கும் மடங்காத கால், பெட்டி மாதிரி உடம்பு. செஞ்சவர் மார்செல் ப்ளொக், யூதர். 1944ல ஜேர்மன்காரன் புகென்வால்ட் வதை முகாம்ல கொண்டு போட்டான், உயிரோட வந்து பேர டஸோ எண்டு மாத்தினார். இப்ப இந்தியா வாங்கியிருக்கிற ரஃபால் அந்தக் கொம்பனிட. முந்தி அவங்கட மிராஜ் 5 டிசைன எடுத்து இஸ்ரேல்காரன் ஒரு ஜெட் செஞ்சான், 1996ல இலங்கை விமானப்படையும் அத வாங்கினது. பேரு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, சத்தத்த வெச்சே "கிபிர் வருது" எண்டு பங்கருக்க பாஞ்ச ஆக்கள்தானே நாம.