பாக்டீரியாவின் சர்க்கரையைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா.

உங்கள் மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி ஆண்டில் இருக்கிறார். வேர் முடிச்சு பாக்டீரியாவின் சர்க்கரைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறார். சொந்தக்காரர்கள் "பி.எட். சேர்த்துவிடுங்கள், இதையெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது" என்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படிக்க விடுங்கள். ஆனால் அவருக்கு வேதியியலில் மனம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, அவர் எதைப் படிக்க ஆசைப்படுகிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கடலை போடுகிறவர் நீங்கள். ரைசோபியம் என்ற வேர் முடிச்சு பாக்டீரியாப் பொட்டலத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்திருப்பீர்கள். பூக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் இருக்கும் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தருகிறது என்று பொருள். வெளுத்துக் கிடந்தால் அந்த முடிச்சால் பயனில்லை.

மண்ணில் எத்தனையோ கிருமிகள் இருக்க, செடி இந்த ஒன்றை மட்டும் எப்படி உள்ளே விடுகிறது? அதற்கான விடையில் பெரும்பங்கு சர்க்கரையில்தான் இருக்கிறது. குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியாவை வைத்து பிரான்ஸின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 1990இல் இதைக் காட்டினார்கள். பயறுவகைச் செடியின் வேர் சில வேதிப்பொருள்களைக் கசியவிடுகிறது. அதை உணர்ந்த பாக்டீரியா, நான்கைந்து சர்க்கரை அலகுகளைக் கோத்து, ஒரு முனையில் கொழுப்பு வால் ஒட்டிய சிறு மூலக்கூறைச் செய்து அனுப்புகிறது. இதற்கு நாட் காரணி என்று பெயர். மிக மிகக் குறைந்த அளவே போதும், வேர்த்தூவி சுருண்டு வளைகிறது, முடிச்சு கட்டத் தொடங்குகிறது. இந்தப் பாக்டீரியாவின் நாட் காரணியில் கந்தகம் கொண்ட ஒரு சல்பேட் தொகுதி ஒட்டியிருக்கும். அதை ஒட்டும் மரபணுவைக் கெடுத்தால் குதிரைமசால் அந்தப் பாக்டீரியாவைக் கண்டுகொள்வதே இல்லை. அதே பாக்டீரியா வேறொரு பயறுவகைச் செடியில் போய் முடிச்சு கட்டுகிறது! ஒரு சின்னத் தொகுதி, ஆளே மாறிவிடுகிறது.

அத்தோடு முடியவில்லை. பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு சர்க்கரைப் பூச்சையும் சுரக்கிறது. எட்டுச் சர்க்கரைகள் கொண்ட அலகு திரும்பத் திரும்ப வரும் சக்சினோகிளைக்கான் என்ற பொருள் அது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1980களில் இந்தப் பூச்சைச் செய்ய முடியாத பாக்டீரியாக்களைத் தேடிப் பிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். துணியை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் கால்கோஃப்ளோர் என்ற பொருளைத் தட்டில் கலந்தார்கள். புற ஊதா ஒளியில் பூச்சு உள்ளவை ஒளிர்ந்தன, இல்லாதவை இருண்டு கிடந்தன. இருண்டவற்றைச் செடியில் விட்டால் முடிச்சு வந்தது, ஆனால் வெள்ளையாக, உள்ளே பாக்டீரியாவே இல்லாமல். 2015இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகக் குழு, பாக்டீரியாவின் இதுபோன்ற பூச்சை அறிய இன்னொரு பயறுவகைச் செடியில் தனி உணர்வான் இருப்பதைக் கண்டது. ஆக, வாசலில் யாரென்று கேட்டவர் கூடத்திலும் ஒருமுறை கேட்பது போலச் செடி இரண்டு முறை சோதிக்கிறது.

உங்கள் மகளுக்கு இது பிடித்துப்போனதில் எனக்கு வியப்பே இல்லை. சரி, வேலைக்கு வருவோம்.

"வேர் முடிச்சுச் சர்க்கரை நிபுணர் தேவை" என்று யாரும் விளம்பரம் கொடுக்க மாட்டார்கள். தலைப்பு குறுகலானதுதான், ஆனால் கைக்கு வரும் வேலை அகலமானது. கிருமியிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுப்பது, தூய்மையாக்குவது, எச்.பி.எல்.சி., மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, என்.எம்.ஆர். ஆகிய பகுப்பாய்வு முறைகளை வைத்து அதன் அமைப்பைக் கண்டுபிடிப்பது ஆகியவைதான் அந்த வேலை. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் செய்யும் டைஃபாய்டு தடுப்பூசியும், ஆப்பிரிக்காவுக்காகப் புனேயின் சீரம் நிறுவனம் செய்த மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் கிருமியின் மேற்பூச்சுச் சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்துச் செய்தவையே. அங்கே தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு இதே திறன் வேண்டும். ஐஸ்கிரீமிலும் சாஸிலும் சேரும் சாந்தன் கம் கூடப் பாக்டீரியா சுரக்கும் சர்க்கரைதான். அப்புறம் உயிர் உரத் தயாரிப்புத் துறை இருக்கிறது. அங்கே ஆரம்பச் சம்பளம் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மறைக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் பணிக்கு வேளாண் பட்டம் வேண்டும், மைக்ரோபயாலஜி பட்டம் செல்லாது. வேளாண் பல்கலைக்கழக முதுகலைக்கும் பெரும்பாலும் நான்கு ஆண்டுப் பட்டம்தான் கேட்பார்கள். "விவசாயம் சம்பந்தப்பட்டதுதானே" என்று நினைத்துக்கொண்டு கடைசியில் ஏமாறும் குடும்பங்கள் நிறைய. உங்கள் மகளுக்கு உகந்த வழி வேறு. ஜாம் அல்லது கேட்-பி நுழைவுத்தேர்வு எழுதி முதுகலை உயிரித்தொழில்நுட்பம் சேரலாம். அடுத்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. படிக்க நீங்கள் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் முடிக்க ஐந்து ஆண்டு ஆகும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கல்யாணப் பேச்சு வந்தால் அவரிடம் கேட்டு முடிவெடுங்கள், அவருக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள்.

வேதியியல் என்று ஏன் அழுத்திச் சொன்னேன்? புரதத்துக்கும் டி.என்.ஏ.வுக்கும் வரிசை படிக்கக் கருவிகள் எளிதாகிவிட்டன. சர்க்கரை கிளைவிடும், ஒரே அலகு பல விதமாக இணையும், ஒரு மூலக்கூறின் அமைப்பை அறியவே மாதங்கள் போகும். கரிம வேதியியலைப் பயந்து ஒதுக்குகிறவருக்கு இந்தத் துறை பெரும் துன்பம். இரண்டாம் ஆண்டு வேதியியல் மதிப்பெண்ணைவிட, அந்தப் பாடத்தைப் பற்றி அவர் பேசும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு வழியும் சொல்கிறேன். இந்திய அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு அவரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் நின்று வேலை செய்வார். அது கிடைக்காவிட்டாலும் முதுகலையில் ஆய்வுத்திட்டம் எடுக்கும்போது, வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும்: சர்க்கரைப் பகுப்பாய்வை நானே செய்வேனா, வெளியே அனுப்பிவிடுவீர்களா? உங்களிடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? முதல் கேள்விக்கு "வெளியே அனுப்புவோம்" என்று பதில் வந்தால் வேறு ஆய்வகம் பார்க்கச் சொல்லுங்கள்.