தோட்ட வீட்டில் தமிழ் அலைவரிசை வரவில்லை, பில் மட்டும் முழுதாக வருகிறது. எங்கே புகார் செய்வது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு டிஷ்ஷிலிருந்து ஒயர் இழுத்து எங்கள் டிகோடருக்கும் கொடுத்திருக்கிறது. கணக்கு எங்களுக்குத் தனி. மூன்று வாரமாகச் சில தமிழ் அலைவரிசைகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன, ஒன்று அடியோடு இல்லை. தனி டிஷ் போடத் தோட்ட நிர்வாகம் விடவில்லை.

பதில்: இது ஒரு தகராறு இல்லை, மூன்று. வந்து போவது ஒயர் கோளாறு. அடியோடு போனது பெரும்பாலும் சந்தா அல்லது ஒளிபரப்பு உரிமை சம்பந்தப்பட்டது. தனி டிஷ் விஷயம் உங்களுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் நடுவே உள்ளது. மூன்றையும் ஒரே புகாரில் கொட்டினால், "உங்கள் ஒயரைப் பாருங்கள்" என்று எழுதிவிட்டுப் புகாரை மூடிவிடுவார்கள்.

முதலில் ஒயர். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அலையை வாங்கும் எல்என்பி, டிகோடர் அனுப்பும் மின்னழுத்தத்தைப் பார்த்து நடக்கிறது. 13 வோல்ட் வந்தால் செங்குத்து அலையில் வரும் அலைவரிசைகளை எடுக்கும், 18 வோல்ட் வந்தால் கிடைமட்ட அலையில் வருவதை எடுக்கும். ஒரு வாய் (ஒரே ஒயர் மாட்டும்) எல்என்பியில் சாதா ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு வீட்டுக்குப் பிரித்தால், இரண்டு டிகோடரும் ஒரே எல்என்பியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், 18 வோல்ட்டே ஜெயிக்கும். பக்கத்து வீட்டில் அலைவரிசையை மாற்றியதும் உங்கள் படம் போவது இதனால்தான். சில ஸ்பிளிட்டரில் ஒரு துளை வழியாக மட்டுமே மின்சாரம் போகும். அப்படியானால் அந்தத் துளையில் இருப்பவர் டிகோடரின் பிளக்கைக் கழற்றினால் உங்களுக்கு மொத்தமும் போய்விடும்.

சோதிப்பது சுலபம். இரண்டு டிகோடரையும் அணைத்துவிட்டு (அணைக்காமல் கழற்றினால் ஷார்ட் ஆகலாம்) ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டு, டிஷ் ஒயரை நேராக உங்கள் டிகோடரில் மாட்டி அரை மணி நேரம் எல்லா அலைவரிசையையும் ஓட்டிப் பாருங்கள். ஒழுங்காக வந்தால் சந்தா நிறுவனத்தின்மேல் தப்பில்லை. இரட்டை வாய் எல்என்பி போட்டு, வீட்டுக்கு ஒரு ஆர்ஜி6 ஒயர் (டிஷ்ஷுக்குப் போடும் கேபிள்) இழுத்தால் முடிந்தது. அப்படியும் விட்டு விட்டு வந்தால் ஒயர் முனையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. முனையை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும். சாயங்கால மழையில் சில நிமிடம் படம் போவது வேறு கதை. டிஷ்ஷுக்கு வரும் கூ-பேண்ட் வகை அலையைக் கனமழை தின்றுவிடும், அதற்கெல்லாம் புகார் நிற்காது.

அடுத்தது, அடியோடு இல்லாத அலைவரிசை. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். சிக்னல் இல்லை என்றால் மறுபடியும் டிஷ், ஒயர் பக்கம். சந்தாவில் இல்லை என்ற பொருளில் வந்தால் கணக்கில் கோளாறு, அல்லது பேக்கிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். கணக்கில் கோளாறு என்றால் அவர்கள் அங்கிருந்து மறுபடி திறந்துவிடுவார்கள். அந்த அனுமதி விண்கோள் வழியாகவே வருவதால் டிகோடரை அணைக்காமல் அதே அலைவரிசையில் விட்டு வையுங்கள்.

எடுத்துவிட்டார்கள் என்றால், அலைவரிசை நடத்துபவருக்கும் சந்தா நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்திருக்கலாம். அதில் நீங்கள் ஒரு தரப்பே இல்லை. இந்தியாவில் டிடிசாட் தீர்ப்பாயம் சேனலைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது என்று வாட்ஸ்அப்பில் வருவதை இங்கே காட்டிப் பயனில்லை. மலேசியாவில் நடப்பது 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம். உரிமம் பெற்ற நிறுவனங்கள் முதலில் தமக்குள் பேச வேண்டும், முடியாவிட்டால் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் எழுத்து மூலம் போகலாம். அந்த வழி அவர்களுக்கு. உங்களுக்கு உதவுவது அதே சட்டத்தின் 188ஆவது பிரிவு: நிறுவனம் பயனீட்டாளரிடம் நியாயமாக நடக்க வேண்டும், புகாரை முறையாகக் கவனிக்க வேண்டும். ஆகவே "சேனலைத் திரும்பக் கொடு" என்று கேட்காதீர்கள். பணத்தைக் கழி, அல்லது அபராதமில்லாமல் ஒப்பந்தத்தை முடித்துக் கொடு என்று கேளுங்கள். இதில் பேசி ஜெயிக்க இடமுண்டு.

போனில் மட்டும் கத்திவிட்டு வைப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு. மின்னஞ்சலில் "அடுவான் ரஸ்மி" (மலாயில் அதிகாரபூர்வப் புகார்) என்று தலைப்பிட்டு கணக்கு எண், எந்த அலைவரிசை, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். தமிழ் பேக் மாதம் 60 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால், 21 நாளுக்கு 60ஐ 30ஆல் வகுத்து 21ஆல் பெருக்கி 42 வெள்ளி. இப்படிக் கணக்கோடு கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம். புகார் எண்ணை வாங்காமல் விடாதீர்கள். திரையைத் தேதியோடு படம் எடுங்கள். டெக்னிஷியன் வந்தால் அவர் எழுதும் தாளில் ஒரு பிரதி கேளுங்கள்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். தோட்டத்தில் பாதி வீட்டில் அது இறந்துபோன அப்பா பெயரிலோ கோலாலம்பூருக்குப் போய்விட்ட அண்ணன் பெயரிலோ இருக்கும். பெயரை மாற்றாமல் புகார் ஏறாது. கோபத்தில் பில் கட்டுவதையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் லைன் போகும், பேச்சு உங்கள் பாக்கியைப் பற்றியதாகத் திரும்பிவிடும்.

பதில் திருப்தியில்லை என்றால் தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றம், சிஎஃப்எம். கட்டணம் கிடையாது. ஆனால் நிறுவனத்திடம் முதலில் புகார் செய்த ஆதாரம் கேட்பார்கள். அதிலும் பணம் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம். பேராக்கில் ஈப்போவில் இருக்கிறது. போராங் 1 (1ஆம் படிவம்), கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 3 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க முடியாது. பெரிய நிறுவனத்துக்கு எதிரில் உட்காரும் தோட்டத்துக்காரருக்கு இது நல்லதுதான். 42 வெள்ளிக்காக ஈப்போ போய்வருவது கட்டுப்படியாகுமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். ஒப்பந்த முறிவுக் கட்டணம் சில நூறு வெள்ளி என்றால் நிச்சயம் போகலாம்.

இதற்கெல்லாம் பதிலாக டவுனில் விற்கும் "எல்லாச் சேனலும் வரும்" பெட்டியை வாங்காதீர்கள். 2022இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின்படி அப்படிப்பட்ட கருவியை விற்பவருக்கு 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம். நாளைக்கு அது ஓடாவிட்டால் அந்தக் கடைக்காரர் அங்கே இருக்கமாட்டார்.

கடைசியாகத் தோட்ட நிர்வாகம். வீடு அவர்களுடையது, டிஷ் போட விட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. பெரும்பாலும் அவர்கள் பயப்படுவது டிவிக்கு இல்லை, கூரைக்குத்தான். பழைய அஸ்பெஸ்டாஸ் தகடு ஆள் ஏறினால் உடையும், துளை போட்டால் ஒழுகும். கூரையே வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். மீசாட் விண்கோள் 91.5 பாகைக் கிழக்கில் இருப்பதால் பேராக்கிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட தலைக்கு மேல், கொஞ்சம் மேற்கே சாய்ந்து நிற்கும். உயரம் தேவையில்லை. வீட்டோரம் ஒரு ஜிஐ பைப்பை சிமெண்டில் ஊன்றி 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை மாட்டினாலே போதும், பக்கத்திலேயே மரக்கிளை கவிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். கடிதத்தில் பைப் நிற்கும் இடத்தைப் படம் வரைந்து, வீட்டைக் காலி செய்யும்போது எடுத்துவிடுவோம் என்று ஒரு வரி சேர்த்து, ஆபீஸ் கிராணியிடம் (குமாஸ்தாவிடம்) கொடுத்து, பிரதியில் சாப் (முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள்.