பர்சா வெல்வெட்: கேள்வி பதில்

ஓர் அருங்காட்சியகத்தில் துருக்கியின் பர்சா நகர வெல்வெட் உறை பார்த்தேன். இரு முனைகளிலும் ஆறு ஆறு வளைவுகள். எதற்கு?

அது 'யாஸ்திக்', அதாவது திண்டு உறை. உஸ்மானிய (ஒட்டோமான்) வீட்டில் சுவரோரம் நீள இருக்கை இருக்கும். அதில் இந்தத் திண்டுகளை வரிசையாகச் சாய்த்து வைப்பார்கள். தறியின் அகலம் 60-65 செ.மீ. தான், உறையின் அகலமும் அதுவே. நீளம் கிட்டத்தட்ட இருமடங்கு. சேலையோடு முந்தானையும் சேர்ந்தே நெய்யப்படுவதுபோல, அந்த வளைவுகளும் உறையோடு சேர்த்து நெய்தவை. ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு பூ இருக்கும், பாருங்கள்.

ஜரிகை இருந்த இடம் மஞ்சளாக இருக்கிறது. போலியா?

இல்லை. 'சாத்மா' என்ற வெல்வெட் வகையில் சில இடங்களில் மயிர், அதாவது நூல்முனைகள், எழும்பி நிற்கும், மற்ற இடங்களில் ஜரிகை தட்டையாகப் படிந்திருக்கும். தங்கப் பூச்சுள்ள வெள்ளித் தகட்டை மஞ்சள் பட்டு நூலிலும், வெறும் வெள்ளித் தகட்டை வெள்ளைப் பட்டிலும் சுற்றுவார்கள். தகடு தேய்ந்து உதிர்ந்ததும் உள்ளே இருக்கும் மஞ்சள் பட்டு தெரிகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நூலிடுக்கில் தகட்டின் துணுக்குகள் இன்னும் மின்னும்.

எங்களிடம் சிவப்பு வெல்வெட், கார்னேஷன் பூ. 16ஆம் நூற்றாண்டுதானே?

இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து. பூவை வைத்து வயது சொல்ல முடியாது. 20ஆம் நூற்றாண்டில் வெனிசில் மரியானோ ஃபார்ச்சூனி இதுபோன்ற பழைய வடிவங்களை வெல்வெட்டில் அச்சிட்டே விற்றார். திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நெய்ததா, அச்சிட்டதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள்.

வெல்வெட்டில் மூன்று உருண்டை, இரண்டு அலைக்கோடு: இது கேட்டதைத் தரும் மணியான பௌத்தச் சிந்தாமணிதானே?

பெயர் அதுதான், 'சிந்தமானி' என்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் பிற்கால ஆய்வாளர்கள். உஸ்மானியர்கள் உருண்டையை 'பெனெக்' என்றார்கள், புள்ளி என்று பொருள்.

மூன்று மணிகள் பௌத்த ஓவியத்திலும் உண்டே, ஐயா. தற்செயலா?

தற்செயல் என்று நான் சொல்லவில்லை. வடிவம் மத்திய ஆசியா வழியாக வந்திருக்கலாம். ஆனால் வடிவம் பயணம் செய்தால் அர்த்தமும் கூடவே வரும் என்று ஏன் நினைக்க வேண்டும்? பாரசீக ஓவியங்களில் காவிய வீரன் ருஸ்தம் புலித்தோல் அங்கி அணிந்து நிற்கிறான். அந்தக் கண்ணோடு பார்த்தால் அலைக்கோடு புலியின் வரி, உருண்டை சிறுத்தையின் புள்ளி. வீரத்தின் அடையாளம் சுல்தானின் கஃப்தானுக்கு, அதாவது நீள அங்கிக்கு, பொருந்துகிறது. திண்டிலும் அதே கம்பீரம்.

அப்படியானால் சிந்தாமணி என்பதே தவறா?

பெயராக வைத்துக்கொள்ளுங்கள், விளக்கமாக வேண்டாம். பல துண்டுகளில் உருண்டைக்குள் இன்னொரு வட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பிறைபோல் நிற்கிறது. மணி என்று முடிவு கட்டிவிட்டால் அந்தப் பிறை கண்ணிலேயே படாது. எனக்கு இதில் மிகப் பிடித்ததே அதுதான்.

அந்தச் சிவப்புக்கு என்ன சாயம்?

சாய ஆய்வுகளில் இந்தியப் பக்கத்து அரக்குச் சாயமும் கிடைத்திருக்கிறது. கெர்மெஸ், கொச்சினீல் ஆகிய பூச்சிச் சாயங்களும் உண்டு.

என்ன விலை போகும்?

ஏலக்காரரிடம் கேளுங்கள்.

லேசாக ஈரத்துணியால் துடைக்கலாமா?

கூடாது. ஈரம் பட்டால் மயிர் படுத்துவிடும், சாயமும் கசியலாம். மடித்தும் வைக்காதீர்கள், மடிப்பிலேயே இற்றுப்போகும். அமிலமில்லாத தாள் சுற்றிய உருளையில், மயிர்ப்பக்கம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள்.